பந்தின்றி ஆடுவோர்

திருச்சிராப்பள்ளி மலைக்கோட்டையின் உச்சியில் ஏறி நின்று வடதிசை நோக்குவார்க்கு, காவிரிக்கும் கொள்ளிடத்துக்கும் இடையே திருவரங்கத் தீவு தென்னை மரங்கள் சூழ விளங்கக் காணலாம். மலையின் உயரம் ஏறத்தாழ 83 மீட்டர். அவ்வுயரத்திலிருந்து காணுங்கால் ஊரின் அமைப்பு ஒரு வரைபடம்போல் விரிகின்றது. 1987ஆம் ஆண்டில் நிறைவெய்திய பதின்மூன்று நிலை இராசகோபுரம் தென்வாயிலில் ஓங்கி நிற்க, அதன் பின்னே ஏனைய கோபுரங்கள் அணிபெறத் தோன்றுகின்றன. ஏழு திருச்சுற்றுகளும் ஒன்றனுள் ஒன்றாக அமைந்த ஒழுங்கு அங்கிருந்தே நன்கு புலப்படும். தெருவில் நடப்போரின் முகமோ நடையோ அங்கிருந்து தெரிவதில்லை. மலையைவிட்டு இறங்கி, பாலத்தைக் கடந்து, சித்திரை வீதியில் போய் நின்றால் காட்சி முற்றும் மாறிவிடுகின்றது. பூக்கட்டுவோரும், கூடை சுமப்போரும், பள்ளிவிட்டு வரும் சிறுவரும் கண்ணை நிறைக்கின்றனர். ஒவ்வொருவர் நடையும் வெவ்வேறாகத் தெரிகின்றது. ஆனால் மலைமேல் கண்ட ஒழுங்கு எங்கே என்று தேடவேண்டியிருக்கின்றது.

கால்பந்தாட்டத்திலும் இவ்விரு காட்சிகளும் உண்டு. உயரத்திலிருந்து காண்பது அணிவகுப்பு. அருகிலிருந்து காண்பது ஆட்டக்காரனின் நடை. அரங்கின் மேல்வரிசையில் அமர்ந்தவர் முன்னதைக் காண்பார். கோட்டருகே நிற்பவர் பின்னதைக் காண்பார். கணிப்பொறியில் ஆடும் கால்பந்தாட்டத்தை உண்டாக்குவோர் இவ்விரண்டையும் ஒருங்கே படைத்தாக வேண்டும். அவற்றுள் எது கடினம் என்று வினவினால், நடையே கடினம் என்றுதான் பலரும் கூறுவர். தொலைக்காட்சித் திரையிலும் கைப்பேசியிலும் அவ்விளையாட்டை ஆடும் சிறுவர் இன்று திருச்சிராப்பள்ளித் தெருக்களிலும் பலர். ஆட்டக்காரனின் முகச்சாயலும், சட்டையின் மடிப்பும், நெற்றி வியர்வையும் உண்மைபோல் இருப்பதைக் கண்டு அவர்கள் வியக்கின்றனர். ஆயினும், சிறிது நேரம் ஆடியபின், "இவன் ஏன் இங்கே நிற்கிறான்?" என்று அவர்களே குறைகூறக் கேட்கலாம். முகம் பொய்யாயிருந்தால் அவர்கள் பொறுத்துக்கொள்வர்; நிற்குமிடம் பொய்யாயிருந்தால் பொறுப்பதில்லை.

முதலில் நடையைப் பற்றிக் காண்போம். திருவரங்கம் கோயிலில் சேஷராயர் மண்டபம் என்பது ஒன்றுண்டு. அதன் முகப்புத் தூண்களில் முன்னங்கால்களைத் தூக்கிப் பாயும் குதிரைகளைச் சிற்பிகள் செதுக்கியுள்ளனர். கல்லாலாகிய அக்குதிரைகள் அசைவதில்லை. ஆயினும் அவற்றை நோக்குவார்க்கு, அடுத்த நொடியில் அக்கால்கள் எங்கே விழும் என்பது தானே மனத்தில் தோன்றுகின்றது. திரையில் ஓடும் ஆட்டக்காரனும் இத்தகைய சிலைகளின் வரிசையே ஆவான். ஒரு வினாடிக்கு 30 அல்லது 60 படங்களைக் கணிப்பொறி அடுத்தடுத்துத் தீட்டுகின்றது. கண் அவற்றை இணைத்து ஓட்டமாகக் கொள்கின்றது. ஒரு சிலையைச் செதுக்குதல் அரிதன்று. முன்னைய சிலைக்கும் பின்னைய சிலைக்கும் உரிய பொருத்தத்தைக் கெடாது காத்தலே அரிது.

எலக்ட்ரானிக் ஆர்ட்ஸ் என்னும் நிறுவனம் 1993ஆம் ஆண்டின் இறுதியில் ஃபிஃபா என்னும் பெயரில் தன் முதற் கால்பந்து விளையாட்டை வெளியிட்டது. ஜப்பானைச் சேர்ந்த கொனாமி நிறுவனமும் அப்பத்தாண்டிலேயே தன் விளையாட்டுடன் போட்டியிட வந்தது. அக்காலத்து ஆட்டக்காரர் பனிக்கட்டிமேல் வழுக்குபவர்போல் ஓடினர். கால்கள் ஒரு வேகத்தில் அசைய, உடல் வேறொரு வேகத்தில் நகர்ந்தது. கிழக்கே விரைந்து ஓடுபவன் பொத்தானை அழுத்திய கணத்திலேயே மேற்கே திரும்பிவிடுவான். இக்குறையைப் போக்க, மெய்யான ஆட்டக்காரரின் உடம்பசைவையே பதிவுசெய்து பயன்படுத்தும் முறை வந்தது. மூட்டுகளில் சிறு குறிகளை ஒட்டிக்கொண்டு ஒருவர் கூடத்துக்குள் ஓடுவார்; சுற்றிலும் வைத்த ஒளிப்படக் கருவிகள் அக்குறிகளின் இடத்தைக் கணந்தோறும் குறித்துக்கொள்ளும். தனியொருவனாகக் கூடத்தில் ஓடுபவன், எதிரி தோளில் இடிக்க ஓடுபவனைப்போல் ஓடுவதில்லை என்பது பின்னரே உணரப்பட்டது. 2021ஆம் ஆண்டு அக்டோபரில் வெளிவந்த ஃபிஃபா 22 என்னும் விளையாட்டுக்காக, இருபத்திரண்டு ஆட்டக்காரரும் உணர்கருவிகள் பொருந்திய உடையணிந்து உண்மையான திடலில் முழு ஆட்டமே ஆடினர். அவ்வாறு திரட்டிய அசைவுப் படங்கள் 87 இலட்சத்துக்கு மேற்பட்டவை என அந்நிறுவனம் அறிவித்தது. 2023ஆம் ஆண்டு முதல் அவ்விளையாட்டு ஃபிஃபா என்னும் பெயரை நீக்கி, இஏ ஸ்போர்ட்ஸ் எஃப்சி என்னும் பெயரில் வருகின்றது.

பதிவுசெய்த அசைவுகள் எத்துணையாயினும், அவை துண்டு துண்டானவை. மாலை தொடுப்பவர் பூக்குடலையைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு, இப்போது தொடுத்த பூவுக்கு அடுத்து எப்பூ பொருந்தும் எனத் தேர்ந்தெடுப்பதுபோலக் கணிப்பொறியும் தேர்ந்தெடுக்கின்றது. இடக்கால் தரையில் ஊன்றியிருக்கின்றதா, வலக்காலா? உடல் எப்பக்கம் சாய்ந்திருக்கின்றது? இன்னும் அரை வினாடியில் அவன் எங்கே இருக்க வேண்டும்? இவ்வினாக்களுக்கு மிக நெருங்கிய விடையாக உள்ள அசைவுத் துண்டைக் குவியலிலிருந்து எடுத்துத் தொடுக்கின்றது. வினாடிக்குப் பன்முறை இத்தேர்வு நிகழ்கின்றது. பொருத்தம் சிறிது பிழைத்தாலும் கால் வழுக்குவதுபோல் தோன்றிவிடும்.

இங்கே ஓர் இடர்ப்பாடு உண்டு. அதைத் தெளிவாக உணர ஒரு கணக்கைப் போட்டுப் பார்க்கலாம். ஒருவன் வினாடிக்கு 8 மீட்டர் விரைவில் ஓடுகின்றான் என்க. நன்கு பயின்ற அவன் கால்கள், தன் விரைவை ஒவ்வொரு வினாடியும் 5 மீட்டர் வீதம் குறைக்கவல்லவை எனக் கொள்வோம். எனின், அவன் முற்றிலும் நிற்க 1.6 வினாடி ஆகும், அதற்குள் 6.4 மீட்டர் கடந்துவிடுவான். உலகியல் இது. கோடையில் நீர் வற்றிய காவிரி மணலில் பந்து உதைத்த சிறுவர் இதைக் கணக்கின்றியே அறிவர். திரும்ப முயன்று மணலில் புரண்டவர் பலர். ஆனால் பொத்தானை அழுத்திய சிறுவன், திரையில் உள்ளவன் உடனே திரும்ப வேண்டும் என எதிர்பார்க்கின்றான். 1.6 வினாடி அவனுக்கு ஓர் ஊழிபோல் தோன்றும்; கருவி பழுதுபட்டது என்றே கருதிவிடுவான். உண்மையைக் காத்தால் ஆடுபவன் சினப்பான். ஆடுபவனை மகிழ்வித்தால் உண்மை கெடும். விளையாட்டை உண்டாக்குவோர் ஒவ்வோராண்டும் இவ்விரண்டுக்கும் இடையே நின்று தராசு பிடிக்கின்றனர். ஓராண்டு ஆட்டக்காரர் கனத்துப் போயினர் என்பர். மறுவருடம் காற்றாய்ப் பறக்கின்றனர் என்பர். இரு குறையையும் கூறுவோர் பெரும்பாலும் ஒருவரே என்பது வேடிக்கை.

தனி ஒருவன் நடையினும் பலர் சேர்ந்து நடக்கும் நடை இன்னும் நுட்பமுடையது. அதற்கும் திருவரங்கத்திலேயே சான்று உண்டு. வைகுண்ட ஏகாதசிப் பெருவிழாவின் இராப்பத்தில் எட்டாம் நாள், நம்பெருமாள் தங்கக் குதிரை வாகனத்தில் எழுந்தருள, மணல்வெளியில் திருமங்கைமன்னன் வேடுபறி நிகழ்கின்றது. அப்போது ஸ்ரீபாதம் தாங்குவார் அக்குதிரை வாகனத்தைத் தோளிற் சுமந்தவாறே முன்னும் பின்னும் விரைந்தோடுவர். இதனை வையாளி என்பர். அசையாத குதிரை, காண்பார் கண்ணுக்குப் பாய்ந்தோடும் உயிர்க்குதிரையாகிவிடும். அந்த உயிர் வாகனத்தில் இல்லை; சுமப்போர் கால்களில் இருக்கின்றது. தண்டு தாங்கிய ஒருவரும் வாகனத்தை முழுதும் காண்பதில்லை. முன்னே செல்பவர் முதுகும், தம் தோளில் அழுந்தும் சுமையின் ஏற்றத்தாழ்வுமே அவர்க்குத் தெரியும். அதனைக்கொண்டே எல்லாரும் ஒருங்கு நின்று ஒருங்கு பாய்கின்றனர். வாகனம் ஒருபுறம் திரும்புங்கால், வெளிப்புறத்தில் உள்ளோர் நெடிய அடி வைத்தல் வேண்டும். உட்புறத்தில் உள்ளோர் அடியைக் குறுக்குதல் வேண்டும். எல்லாரும் ஒரே அளவாக அடிவைத்தால் தண்டு பிறழ்ந்து குதிரை சாயும்.

கால்பந்து அணியும் இவ்வாறே சுமக்கப்படுவது. ஆனால் இங்கே தோள்களை இணைக்கும் தண்டு கண்ணுக்குத் தெரிவதில்லை. ஓர் ஆட்டம் 90 நிமிடம் நிகழ்கின்றது. பந்து வெளியே செல்லும் நேரம், தவற்றுக்காக நிறுத்தும் நேரம் முதலியவற்றைக் கழித்தால், பந்து உருளும் நேரம் ஏறத்தாழ 60 நிமிடம் எனக் கொள்ளலாம். அதனை 22 பேருக்கும் பங்கிட்டால் ஒருவனுக்கு மூன்று நிமிடம்கூட வருவதில்லை. பந்து காற்றில் செல்லும் நேரத்தையும் கழித்தால் இன்னும் குறையும். எனவே, மிகச் சிறந்த ஆட்டக்காரனும் எண்பத்தேழு நிமிடம் பந்தின்றியே ஆடுகின்றான். அந்நேரத்தில் அவன் என் செய்கின்றான் என்பதே அணிவகுப்பு. சிறுவர் திரையில் பந்துள்ளவனை மட்டுமே தம் விரலால் இயக்குகின்றனர். ஏனைய பதின்மரையும் கணிப்பொறியே இயக்குகின்றது. "இவன் ஏன் இங்கே நிற்கிறான்?" என்னும் குறை எழுவது அப்பதின்மரைப் பற்றியே.

அவர்களை இயக்கும் முறையின் அடிப்படை எளியது. ஒவ்வோர் ஆட்டக்காரனுக்கும் ஓர் உறைவிடம் குறிக்கப்படுகின்றது. அவ்வுறைவிடம் நிலையாக இராமல் பந்தோடு சேர்ந்து பெயர்கின்றது. திடலின் நீளம் 105 மீட்டர் என்க. இடப்பக்கப் பின்னணி ஆட்டக்காரனுக்கு ஒரு விதி வகுக்கலாம்: பந்து நம் கோல்கோட்டிலிருந்து எத்தனை மீட்டரில் உள்ளதோ அதன் பாதியோடு ஐந்தைக் கூட்டி, அவ்விடத்தில் நிற்க. பந்து 30 மீட்டரில் இருந்தால் அவன் 20ஆம் மீட்டரில் நிற்பான். பந்து 70ஆம் மீட்டருக்குச் சென்றால் அவன் 40ஆம் மீட்டருக்கு முன்னேறுவான். பந்து வலக்கோட்டை அணுகினால் அவனும் சிறிது உள்ளே ஒதுங்குவான். முன்னணி ஆட்டக்காரனுக்கு வேறு விதி. நடுக்கள ஆட்டக்காரனுக்கு வேறு விதி. இவ்விதிகள் பதினொன்றையும் சேர்த்துப் பார்த்தால், அணி முழுதும் கடலலைபோல் பந்தோடு ஏறுவதும் இறங்குவதும் தெரியும். மலைக்கோட்டைமேல் நின்று காணும் காட்சி இதுதான்.

இவ்விதி மட்டும் போதுமாயின், ஆட்டம் பொம்மலாட்டமாய் முடியும். எதிரி ஒருவன் காவலின்றி உள்ளே ஓடுகின்றான். உறைவிடத்தை விட்டு அவனைத் தொடர்வதா, நின்ற இடத்தில் நிற்பதா? பக்கத்துத் தோழன் முன்னேறிவிட்டான். அவன் விட்ட இடத்தை யார் காப்பது? ஆப்சைடு விதியைக் கருதிப் பின்வரிசை நால்வரும் ஒரே கோட்டில் முன்னேறுகையில் ஒருவன் மட்டும் பின்தங்கினால் எல்லார் முயற்சியும் வீணாகும். இவற்றுக்கெல்லாம் தனித்தனி விதிகள் எழுத வேண்டும். ஒரு விதி மற்றொன்றோடு மாறுபடுங்கால் எது மேம்படும் என்பதற்கும் விதி எழுத வேண்டும். மேலும், கணிப்பொறி எல்லாவற்றையும் ஒருங்கே அறிவது. அதன் அறிவை அப்படியே ஆட்டக்காரனுக்கு அளித்தால், முதுகுக்குப் பின்னால் வரும் பந்தையும் அவன் கண்டவன்போல் ஆடுவான். காண்பார்க்கு அது பேய்த்தன்மையாகத் தோன்றும். ஆகவே அவனது அறிவைக் குறைத்துக் காட்டுவதும் உண்மைக்கு வேண்டுவதாகின்றது.

இதனை நன்கு உணர்ந்தவர்கள் ரோபோகப் என்னும் போட்டியை ஏற்படுத்திய அறிஞர்கள். முதற் போட்டி 1997ஆம் ஆண்டு ஜப்பானின் நகோயா நகரில் நடந்தது. அதில் எந்திர மனிதர் ஆட்டமும் உண்டு. கணிப்பொறிக்குள்ளேயே நிகழும் ஆட்டமும் உண்டு. பின்னதில் ஓர் அணிக்குப் பதினொரு தனித்தனி நிரல்கள். ஒரு நிரலின் மூளை மற்றொன்றுக்கு உதவாது. ஒவ்வொன்றும் தன் முன்னே உள்ள அளவான பார்வைக்கு உட்பட்டதையே காணும். அதுவும் தொலைவிலுள்ளதைத் தெளிவின்றியே காணும். தோழனுக்குச் சிறு சொல்லொன்றைக் கூவி அறிவிக்கலாம். ஒவ்வொரு பத்திலொரு வினாடிக்கும் ஒருமுறை முடிவெடுத்தல் வேண்டும். ஆட்டம் இத்தகைய ஆறாயிரம் முடிவுகளில் முடியும். தண்டு சுமப்போர்போல, முழுமையைக் காணாதவர் பலர் கூடி முழுமையை உண்டாக்கும் முயற்சி இது. 2050ஆம் ஆண்டுக்குள் உலகக்கோப்பை வென்ற மனித அணியை எந்திர அணி வெல்ல வேண்டும் என்பது அவர்கள் வைத்துள்ள குறி. அது நிறைவேறுமா என்பது வேறு செய்தி. பந்தில்லாதவன் எங்கே நிற்க வேண்டும் என்னும் வினாவைக் கணக்காக மாற்றியதில் அவர்கள் பங்கு பெரிது.

அணிவகுப்பு என்னும் கருத்து தமிழர்க்குப் புதியதன்று. பண்டைய போர்த்துறையில் முன்செல்லும் படையைத் தூசி என்றும் தார் என்றும், பின்னிற்கும் படையைக் கூழை என்றும் வழங்கினர். கால்பந்தாட்டத்தில் இவ்வுறுப்புகளின் அளவு காலந்தோறும் மாறி வந்துள்ளது. தொடக்கத்தில் தூசியே பெரிதாக இருந்தது. ஐவர் முன்னின்றனர், இருவரே பின்னின்றனர். 1925ஆம் ஆண்டில் ஆப்சைடு விதி திருத்தப்பட்டது. அதற்குமுன், பந்தைப் பெறுபவனுக்கும் கோல்கோட்டுக்கும் இடையே எதிரணியினர் மூவர் இருத்தல் வேண்டும். திருத்தத்தின்பின் இருவர் இருந்தாற் போதும் என்றாயிற்று. கோல்கள் பெருகின. உடனே இங்கிலாந்தின் ஆர்சனல் அணித்தலைமைப் பயிற்சியாளர் ஹெர்பர்ட் சாப்மன், நடுவில் நின்ற ஒருவரைப் பின்வரிசைக்கு இறக்கினார். ஓர் எண் மாறியதால் உலகத்து அணிகளின் வடிவமே மாறிற்று.

1953ஆம் ஆண்டு நவம்பர் 25ஆம் நாள் லண்டன் வெம்பிளித் திடலில் நிகழ்ந்ததும் இங்கே நினைக்கத்தக்கது. அங்கேரி அணியின் நடு முன்னணி ஆட்டக்காரர் ஹிடேக்குட்டி, தமக்குரிய முன்னிடத்தில் நில்லாமல் பின்னே ஒதுங்கி நின்றார். அவரைக் காக்கும் பொறுப்புடைய ஆங்கிலத் தடுப்பாட்டக்காரர்க்கு இருதலைக்கொள்ளி எறும்பின் நிலை. தொடர்ந்து சென்றால் கோலின்முன் வழி திறந்துவிடும். செல்லாவிட்டால் ஹிடேக்குட்டி தடையின்றி ஆடுவார். அங்கேரி 6–3 என வென்றது. ஹிடேக்குட்டி மூன்று கோல் அடித்தார். கணிப்பொறி விளையாட்டில் "இன்னானைத் தொடர்க" என்னும் ஒற்றை விதியை மட்டும் எழுதினவர்க்கும் இதே தோல்வி நேரும். விதியை அறிந்த எதிரி, அவ்விதியைக்கொண்டே காவலனை இழுத்துச் செல்வான்.

இனி, பதினொருவரைத் தேர்ந்தெடுத்தல். கணிப்பொறி விளையாட்டில் ஒவ்வோர் ஆட்டக்காரனுக்கும் விரைவு, வலிமை, உதைநுட்பம், தடுப்புத்திறன் எனப் பல எண்கள் உண்டு. இன்னவன் இன்ன இடத்துக்கு உரியவன் என்றும் குறித்திருக்கும். உரிய இடத்தை விட்டு வேறிடத்தில் நிறுத்தினால், சில விளையாட்டுகளில் அவன் மதிப்பு குறைந்து காட்டப்படும். ஆகவே சிறுவர் எண்களைக் கூட்டிப் பார்த்து, பெரிய எண்ணுடையவரை உரிய இடங்களில் நிரப்பிவிடுகின்றனர். இது குறைகூறத்தக்கதன்று, பள்ளி மாணவன் ஒருவன் பதினொருவரின் ஆற்றலை ஒப்பிட்டு ஆராய்வதே ஒரு பயிற்சிதான். ஆயினும் அட்டவணையில் அடங்காத செய்தி ஒன்றுண்டு. அதனை விளக்க இந்திய அணியின் வரலாற்றிலேயே ஒரு நிகழ்ச்சி இருக்கின்றது.

ஐதராபாத்தைச் சேர்ந்த சையது அப்துல் ரகீம் பள்ளி ஆசிரியராக இருந்து பின் இந்திய அணியின் பயிற்சியாளரானவர். 1952ஆம் ஆண்டு ஹெல்சிங்கி ஒலிம்பிக்கில் இந்தியர் பலர் வெறுங்காலோடு ஆடி, யுகோசுலாவியாவிடம் 10–1 எனத் தோற்றனர். அத்தோல்வியிலிருந்து பாடம் கற்ற அவர், அடுத்த நான்காண்டில் அணியை மெல்பர்ன் ஒலிம்பிக்கில் நான்காம் இடத்துக்கு உயர்த்தினார். 1962ஆம் ஆண்டு ஜகார்த்தாவில் ஆசிய விளையாட்டுப் போட்டி நிகழ்ந்தது. இந்தியா முதல் ஆட்டத்தில் தென்கொரியாவிடம் 2–0 எனத் தோற்றது. அடுத்துத் தாய்லாந்தை வென்ற ஆட்டத்தில், பின்வரிசையின் தூணாக விளங்கிய ஜர்னைல் சிங் தலையில் அடிபட்டுத் தையல் போட்டுக்கொள்ள நேர்ந்தது. ஜப்பானோடு நிகழ்ந்த ஆட்டத்தில் அவர் ஆடவில்லை. அதிலும் இந்தியா வென்றது.

அரையிறுதி வந்தது. ஜர்னைல் சிங்கின் காயம் ஆறவில்லை. தடுப்பாட்டக்காரன் தாவிவரும் பந்தைத் தலையால் மோதித் திருப்ப வேண்டியவன். அவ்விடத்தில் அவரை நிறுத்துவது ஏற்றதன்று. அட்டவணையை மட்டும் நோக்குபவன், அவர் பெயரை நீக்கிவிட்டு அடுத்த எண்ணைத் தேடியிருப்பான். ரகீம் அவரை நீக்கவில்லை; பின்வரிசையிலும் நிறுத்தவில்லை. நடு முன்னணிக்கு அனுப்பினார். உயர்ந்த உடம்பும், எதிரியை அஞ்சாத தோளும் உடைய ஒருவர், தலையில் கட்டோடு கோலின்முன் நிற்பதைக் கண்ட எதிரணித் தடுப்பாட்டக்காரர் அவரை விட்டு விலக இயலாது. அவர்கள் அவரைச் சூழ்ந்தால், சுனி கோசுவாமி, பி. கே. பானர்ஜி, பலராம் ஆகியோர்க்கு இடம் கிடைக்கும். பந்து காலில் இல்லாமலே ஓர் ஆட்டக்காரர் அணிக்கு உதவும் வழி இது. அரையிறுதியில் தென்வியத்நாமை இந்தியா 3–2 என வென்றது. அவற்றுள் ஒரு கோல் ஜர்னைல் சிங் அடித்தது.

செப்டம்பர் 4ஆம் நாள் இறுதியாட்டம். எதிரணி, முன்பு வென்ற அதே தென்கொரியா. இசுரேலையும் தைவானையும் போட்டிக்கு அழையாமையைப் பற்றி எழுந்த பூசலால், அரங்கில் திரண்ட கூட்டம் இந்தியாவுக்கு எதிராகவே ஆரவாரித்தது. கோல்காவலில் நின்றவர் பீட்டர் தங்கராஜ், சென்னை ரெஜிமெண்டல் மையத்தின் அணியில் ஆடிப் பெயர்பெற்றவர், 1956, 1960 ஆகிய இரு ஒலிம்பிக் அணிகளிலும் இடம்பெற்றவர், நெடிய உருவினர். ஜர்னைல் சிங் மீண்டும் முன்னணியிலேயே நின்றார். 17ஆம் நிமிடத்தில் பானர்ஜி ஒரு கோல் அடித்தார். மூன்று நிமிடம் கழித்து, 20ஆம் நிமிடத்தில், ஜர்னைல் சிங் இரண்டாவது கோலை அடித்தார். ஆட்டம் முடியும் தறுவாயில் கொரியர் ஒரு கோல் திருப்பினர். அதற்குமேல் தங்கராஜ் இடங்கொடுக்கவில்லை. இந்தியா 2–1 என வென்று தங்கப் பதக்கம் பெற்றது.

அப்போதே புற்றுநோயால் நலிந்திருந்த ரகீம் 1963ஆம் ஆண்டு ஜூன் திங்களில் மறைந்தார். 1970ஆம் ஆண்டு பாங்காக்கில் இந்தியா ஆசியக் கால்பந்தில் வெண்கலம் பெற்றது. 2023ஆம் ஆண்டு ஹாங்சோவில் நிகழ்ந்த போட்டி வரையில் தங்கம் மீண்டும் கிட்டவில்லை.